பூஜ்யக் காற்று

எர்ணாவூரில் ஒரு மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய டிஷ் கம்பத்தில்
கட்டிவைத்திருக்கிறேன் பதினேழாம் எண் பெட்டியை.
டிபன் டப்பா அளவுதான்.
உள்ளே நான்கு உணரிகள், குட்டி விசிறி, ஒரு சிம் கார்டு;
மேலே காக்கை எச்சம்.
வீட்டுக்கார எமிலியா வைத்த பெயர் மூக்குப்பொட்டி.
சிவப்பு விளக்கு எரிந்தால்
"இன்னாம்மா, உன் மூக்குக்கு ஜல்பு புட்ச்சிக்கிச்சா?" என்பாள்.

உணரிகளுக்கு ஒரு வியாதி உண்டு.
எந்தக் காற்றில் கிடக்கின்றனவோ
அதையே பூஜ்யம் என்று நம்பத் தொடங்கிவிடும்.
மாதம் போகப்போக அடிக்கோடு நகரும்,
ஒரு நாள் வரைபடத்தில் பார்த்தால் தெரியாத அளவு மெதுவாக.
எமிலியாவிடம் ஒருமுறை கேட்டேன்,
இந்த நாத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று.
"எந்த நாத்தம்?" என்றாள்,
சங்கரா மீனில் மிளகாய்த்தூள் தடவிக்கொண்டே.

ஆய்வகம் தெற்கே, மரங்களுக்கு நடுவில்.
பேருந்து இரண்டு மாறவேண்டும்.
அங்கே என் வேலை சுத்தம் செய்வது.
காற்றை அல்ல, தரவை.
அதிகாலை மூன்று மணிக்கு எகிறும் புள்ளிகள்,
வாரத்தில் இரண்டு, சில வாரம் மூன்று.
நெறியாளர் வட்டமிட்டு எழுதினார்: கருவிக் கோளாறு, நீக்குக.
ஒற்றை வரி நிரல். நான்தான் எழுதினேன்.
எண்பத்தொன்றில் நின்ற துல்லியம்
தொண்ணூற்று நான்குக்கு ஏறியது.
அன்று கேன்டீனில் எல்லோருக்கும் என் கணக்கில் சமோசா.

கட்டுரை போகவேண்டிய வாரம்
எமிலியா பையனுக்கு மருந்து வாங்கப் போனேன்.
"நேத்து கடை தொறந்தவுடனே ஆறு பேரு.
ஆறு பேருக்கும் இதே பம்ப்பு" என்றார் சலாவுதீன் பாய்,
இன்ஹேலரைக் கவரில் போட்டபடி.
நேற்று.
போனைத் திறந்தேன். மூன்று பத்து. நீக்கப்பட்டது.
கல்லாவுக்கு மேல் பில் குத்திய கம்பியைக் கெஞ்சி வாங்கி
வாசல் ஐஸ் பெட்டிமேல் வைத்து ஒவ்வொன்றாய் உருவினேன்.
ஜூன் ஒன்பது. ஜூன் பதிமூன்று.
ஜூன் இருபது, அன்று பதினோரு பில்.
நான் அழித்த புள்ளிகள் எல்லாம்
மருந்துக்கடைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன,
ஜி.எஸ்.டி. எண்ணோடு.
எல்லாம் என்றால் எல்லாமும் இல்லை. நான்கு பொருந்தவில்லை.
அவற்றையும் திரும்பச் சேர்த்தேன்.
துல்லியம் எழுபத்தாறு.
நெறியாளர் இன்னும் பதில் போடவில்லை.

பெட்டிக்கு ஒரு வைத்தியம் உண்டு: பூஜ்யக் காற்று.
சிலிண்டரில் வரும். எந்தக் கலப்பும் இல்லாதது.
ஆட்டோவில் கொண்டுவந்து மாடிக்கு ஏற்ற
எமிலியாவும் ஒரு கை பிடித்தாள்.
"இதுல இன்னா கீது?"
காற்று என்றேன்.
"காத்தா? துட்டு குட்த்தா வாங்கின?"
சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.
குழாயைப் பெட்டியில் சொருகி வால்வைத் திறந்தேன்.
நாற்பது நிமிடம்
அந்தப் பெட்டி மட்டும் எர்ணாவூரில் இல்லை.

அன்றிரவு மாடியிலேயே படுத்தேன்.
சாலையில் கன்டெய்னர் லாரிகளின் உறுமல்கூட அடங்கியிருந்தது.
விளக்கு சிவந்தது.
மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
ஒன்றரை வருடமாக வந்துபோகிறேன் இங்கே.
மோட்டார் போட எழுந்த எமிலியா
தொட்டி நிரம்பிற்றா என்று பார்க்க ஏறி வந்தவள்
விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
கேலி எதுவும் சொல்லவில்லை.
இறங்கிப் போய்
பையன் படுத்திருந்த அறை ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.
உப்புக்காற்றில் ஊதிப்போன சட்டம்,
இரண்டாம் முறைதான் தாழ் விழுந்தது.

பதிவேட்டில் எழுதினேன்: மூன்று ஒன்பது.