இருபத்திநாலாவது படம்

வெயில் ஏறமுன்னம் எடுக்கவேணுமெண்டு
காப்புறுதிக் கொம்பனிப் பிள்ளை
ஏழு மணிக்கே கொக்குவிலுக்கு வந்துவிட்டாள்.
ஒஸ்ரினைக் கொட்டிலிலிருந்து முற்றத்துக்குத் தள்ளினோம்.

முன்பக்கம். பின்பக்கம். இரண்டு விலா.
ஸ்ரீ வரமுதல் பதிந்த இலக்கத் தகடு.
செசி நம்பர் தெரிய
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டேன்.
மைல்மானி எண்பத்தோராயிரத்தில் நிற்கிறது.
எப்ப நின்றது என்றாள்.
நான் பார்க்காத நேரம், என்றேன்.

"கொம்பனி பூட்டாத பாகம் ஏதும்?"
போனற்றைத் தூக்கினேன்:
பெற்றோல் வராத வருசங்களில்
காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாய்ப் புகட்டிய
சேலைன் குழாய்,
இன்னும் கம்பியில் கட்டினபடி.
பேனை கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது.
'ஏனையவை' என்று எழுதினாள்.

பின் மட்காட்டில் நெளிவு.
அளவு தெரிய ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை
ஒட்டிப் பிடித்து எடுத்தாள். இருபத்திமூன்று.
"இது முந்தியே இருந்த சேதம், ஐயா.
இதுக்குக் காசு வராது."

வேண்டாம், பிள்ளை.
ஆனால் ஒருநாள்
கராஜில் ஆரும் கைதுருதுருத்த பெடியன்
இதைத் தட்டி நிமிர்த்தி, புட்டி பூசி,
நெளிவிருந்த இடமே தெரியாமல்
மினுக்கித் தந்துவிட்டால்,
அந்த இழப்புக்கு எவ்வளவு தருவீங்கள்?

அவள் சிரிக்கவில்லை.
நெளிவுக்குள் விரலை வைத்துப் பார்த்தாள்.
"ஆர் இடிச்சது?"
படிவத்தில் இல்லாத கேள்வி.

அருள்மலர் றிவேர்ஸ் பழகின
கிணற்றுக்கட்டைக் காட்டினேன்.
சீமெந்தில் இன்னும்
ஒரு நகமளவு பச்சைப் பெயின்ற்.

குனிந்து,
குற்றியை வைத்து,
அதையும் எடுத்தாள்.