ஹவில்தார் நாடா

நகரி, புத்தூர் ரோடு,
தேசம்மா மொபைல்ஸ். பகலெல்லாம்
திரை மாற்றுவேன், ஸ்பீக்கரில் பஞ்சு எடுப்பேன்.
தறி ஓடும் ஊர். எல்லா போனிலும் பஞ்சுதான்.
இரவு பத்தே முக்காலுக்கு நான் மேஜர்.

நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது எங்கள் ரெஜிமெண்ட்.
சிப்பாய் இருபத்தாறு, லான்ஸ் நாயக் ஐந்து,
ஹவில்தார் இரண்டு, சுபேதார் ஒன்று:
பள்ளிப்பட்டில் பத்தாவது படிக்கிறான்,
பரீட்சை மாதம் மட்டும் ராணுவ விடுப்பு.
கர்னல் யுகந்தர், சத்தியவேடு.
யாரையும் யாரும் பார்த்ததில்லை.

சட்டம் எழுதியது நான்.
முப்பது இரவு தவறாமல் வந்தால் ஒரு பட்டை.
கெட்ட வார்த்தை மூன்று மொழியிலும் தடை.
விழுந்தவனை விட்டு ஓடினால் ஒரு படி இறக்கம்.
சொல்லாமல் ஏழு நாள் வராவிட்டால்
பெயர் மேல் சிவப்புக் கோடு.

பதினோராவது சட்டம் ஒரு சாவில் பிறந்தது.
மொட்டை மாடியிலிருந்து கர்னல் கத்தினான்:
"வீடு! வீடு!"
தெலுங்கில் அதற்கு 'இதோ, இவன்.'
நானும் சுபேதாரும் தமிழில் கேட்டோம்,
விழுந்தடித்து வீட்டுக்குள் ஓடினோம்.
அவன் அங்கேதான் இருந்தான்,
கையில் குண்டோடு, கதவைப் பார்த்தபடி.
அன்றிலிருந்து எதிரியைக் கண்டால்
திசை மட்டும். அதுவும் நம்பரில்.

அந்த வீட்டிலிருந்து எங்களை எழுப்பியது நாடா.
மைக் போடாத ஆள். பேச்செல்லாம் எழுத்தில்,
அதுவும் ஒற்றைச் சொல்: சரி. வரேன். படு.
புகைக்குள் தவழ்ந்து வந்து
ரெண்டு பேருக்கும் ஊசி போட்டுவிட்டு
தான் செத்துப்போனது.
அன்றிரவே ஹவில்தார் ஆக்கினேன்.
பதில் வந்தது: "சரி. காலைல ஆறு மணி ஷிஃப்ட்."

போன செவ்வாய், கரெண்ட் இல்லாத மதியம்,
நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா
முந்தானையில் போனைச் சுற்றிக் கொண்டுவந்தார்.
காதோரம் நூல் பிசிறு.
"இது எவ்ளோவுக்குப் போகும்?"
ஓரமெல்லாம் சிராய்ப்பு. சார்ஜ் குத்தும் துளையில் பஞ்சு.
இடது கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும்
கண்ணாடி மங்கியிருந்தது.
ஆன் செய்தேன்.
முகப்பில் எங்கள் கொடி.
நான் வரைந்த மலை. நான் கொடுத்த மூன்று பட்டை.

கேட்டிருக்கலாம்.
ஹவில்தார் என்று வாய்வரை வந்தது.
கேட்டால் நானும் யாரென்று சொல்ல வேண்டும்:
பத்தொன்பது வயசு, சம்பளம் ஏழாயிரம்,
"நாடா, வரிசையில் நில்" என்று
எத்தனையோ இரவு இவரை அதட்டியவன்.

"உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்மா. அழிச்சிடவா?"
வெளியே திருத்தணி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.
"அதுல ஒண்ணு மட்டும்..." என்று தொடங்கினார்.
"வேணாம். அழிச்சிடு."

நான்கு நிமிடம் பிடிக்கும் அந்த வேலைக்கு.
கோடு நகர்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மூவாயிரத்து இருநூறு. இரண்டு தரம் எண்ணி
முடிந்துகொண்டு படியிறங்கினார்.
என் கை நெற்றிவரை பாதி தூரம் போயிருந்தது.
"என்னடா, கொசுவா?" என்றார் முதலாளி.

இன்று எட்டாம் நாள். நோட்டு திறந்திருக்கிறது.
சிவப்புப் பேனா நன்றாகவே எழுதுகிறது,
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டேன்.
நாடாவின் இடத்தில் புது சிப்பாய் ஒருவன்,
ஓயாமல் மைக்கில் இருமுகிறான்.
கர்னல் கேட்கிறான்:
"மேஜர், நாடா? வீடெக்கட போயினாடு?"

வீடு.
நான் திருத்தவில்லை.
எனக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில், மூன்றாம் தட்டில்,
விலைச்சீட்டு ஒட்டிக் கவிழ்ந்து கிடக்கிறது.

"முந்நூற்றுப் பத்து" என்றேன்.
அந்தப் பக்கம் புல்வெளி, ஒரு உடைந்த ஜீப்.
மூன்று பேரும் உடனே திரும்பி
துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.