ராமபாணம்

மிச்சிகனில் ஹாலந்து என்றோர் ஊர்.
பனி கொட்டிய சனிக்கிழமை, வீட்டுச் சாமான் விற்பனை.
மிடில்பர்க் துறைமுகத்தின் வரலாறு;
தோல் அட்டை, அறுபத்திரண்டு செதுக்குப் படங்கள்.
"பூச்சி அரித்தது, பாதி விலை போதும்"
என்றார் திருமதி போஸ்துமா,
தானே அரித்ததுபோல் கூசி.

ஹீட்டர் சூடாகும்வரை
காரிலேயே பிரித்தேன்.
ஒரே துளை.
மேயரின் தொப்பியில் நுழைந்து
கிடங்கு, தராசு, கோயில் மணி,
பாய்மரத்துச்சி என்று
ஏழு படங்களும் அவுட்.
ஏழு மராமரம்! தனியாகச் சிரித்தேன்.

எட்டாவதில் நின்றிருந்தது.
கரையிறங்கும் துணிப்பொதிகள்.
அடியில் பொடியெழுத்தில்
என் ஊரைக் கடித்துத் துப்பிய மாதிரி
'நெகபட்டம்'.
பொதிமேல் தவிட்டு நிறத்தில் ஒரு புள்ளி:
பூச்சியேதான், காய்ந்து.

ஊதவில்லை.
மெல்ல மூடினேன்.
முழு விலையே கொடுத்திருக்கலாம்.