அவசரத்துக்கு ஓர் எண்

எக்ஸ்ரே உறையின் முதுகில்
முக்கூர்த்தி வரைந்தாயிற்று.
ராத்திரி ட்யூட்டி முடிந்த கையோடு
தோட்டப்பாளையம் டீக்கடையில் மூன்று பேர்.

காட்பாடியில் ஏறினால்
விடியலில் மேட்டுப்பாளையம்.
அட்டைக்கு உப்பு, ஈரத்துக்கு இரண்டு ஜோடி சாக்ஸ்,
பிரமிளாவின் இடது முட்டிக்கு உறை.

பயிற்சிக்கென்று
பத்துக் கிலோ பொன்னி அரிசியைத் தோளில் மாட்டி
ஓட்டேரிப் பக்கத்து மொட்டைமலை ஏறினேன்.
பாதியில் பை கிழிந்தது.
எறும்புகளுக்கு என்னை நினைவிருக்கும்.

அனுமதிப் படிவத்தில் ஒரு கட்டம்:
அவசரத்துக்கு யாரை அழைக்க?
நான் தில்ஷாத் என்றெழுத
தில்ஷாத் பிரமிளா என்றெழுத
பிரமிளா என் பெயரை.

மூன்று பேரும் மலையில்தானே இருப்போம் என்று
தில்ஷாத் சிரித்தாள்.
சிரிப்பு சீக்கிரம் தீர்ந்தது.

பாய்லர் பின்னாலிருந்து மாஸ்டர்,
கை துடைத்தபடி:
"என் நம்பரைப் போட்டுக்கோங்கம்மா.
பாலுக்கு மூணரைக்கே முழிச்சுப்பேன்."