பதினான்கு விநாடி

நாவற்குடாவில், மேல்மாடி அறையில்,
இரவு பதினொன்றுக்குப் பிறகுதான்
இணையம் ஒழுங்காக வரும்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
மணிக்கு இவ்வளவென்று வாடகைக்கு எடுத்த இயந்திரம்
மட்டக்களப்பின் பேச்சைக்
கேட்டுக் கேட்டு எழுதப் பழகுகிறது.

நூற்றுக்கு முப்பத்தொரு சொல் பிழை.
போன மாதம் முப்பத்து நாலு.
இந்த மூன்றுக்குத்தான் என் தூக்கமும்
பல்கலைக்கழகம் தந்த பணத்தில் பாதியும் போனது.

"மறுகா வாறன்" என்று யாராவது சொன்னால்
"மறுக்க வாரான்" என்று எழுதுகிறது.
பிறகு வருவதாகச் சொன்னவர்களையெல்லாம்
மறுத்துவிட்டவர்களாக்கி
ஒரு கோப்பு முழுக்க அடுக்கி வைத்திருக்கிறது.
"ஒள்ளம் பொறுங்க" அதற்கு "உள்ளம் பொறுங்க".
இதைத் திருத்தவேண்டாம் போல இருந்தது.
திருத்தினேன்.

வெளிநாட்டுப் பேராசிரியர் கூட்டத்தில் கேட்டார்,
உங்கள் வாவியில் மீன் பாடுமாமே, பதிவு செய்தீர்களா?
மனிதர்களே இன்னும் முடியவில்லை, சேர், என்றேன்.
சிரித்தார்கள்.
நான் பகிடி விடவில்லை.

கோப்பு இருநூற்றுப் பன்னிரண்டு.
மஞ்சந்தொடுவாய். ஆண். வயது அறுபத்து மூன்று.
பதிவு: பர்ஹானா.
"உங்கட வீட்டில எத்தின பேர், காக்கா?"
மறுகா பதினான்கு விநாடி ஒன்றுமில்லை.
காற்று. தூரத்தில், பாலத்தில், ஒரு மோட்டார் சைக்கிள்.
பிறகு: "ஏழு. இல்ல, ஆறு."

அந்தப் பதினான்கு விநாடிக்கு நேரே
இயந்திரம் எழுதியிருந்தது:
"நன்றி, வணக்கம், மீண்டும் சந்திப்போம்."

தெரிந்த நோய்தான்.
ஆயிரக்கணக்கான மணிநேரம் யூடியூப் கேட்டு வளர்ந்த பிள்ளை,
ஓசை நின்றால் நிகழ்ச்சி முடிந்ததென்று நினைக்கிறது.
ஓர் எண்ணை மாற்றினால் அடங்கும்.
மாற்றவில்லை.
ஏழுக்கும் ஆறுக்கும் இடையில்
நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கரையில் ஓர் எண் குறைந்தால்
நாங்கள் காரணம் கேட்பதில்லை.
ஆண்டைத்தான் மனதுக்குள் கேட்போம்:
தொண்ணூறா, இரண்டாயிரத்து நாலா.
என் வீட்டுக் கணக்கிலும் அப்படியொரு கழித்தல் உண்டு.
அதனால் அந்த மௌனம்
எனக்கு நல்லாய்த் தெரியும் என்று நினைத்தேன்.
வழிகாட்டிக் குறிப்பில் ஒரு பந்திகூட எழுதினேன்,
துயரத்தின் இடைவெளியை எப்படிக் குறிப்பதென்று.
நல்ல பந்தி.
மாநாட்டுக் கட்டுரைக்கும் பொருந்தும்.

சனிக்கிழமை பர்ஹானாவின் ஸ்கூட்டியில் ஏறிப் போனேன்.
ஆதம்லெவ்வைக் காக்கா
அதே கல்லில், அதே தூண்டிலோடு.
போனில் போட்டுக் கொடுத்தேன்.
காதில் வைத்துக் கேட்டார்.
"இது செப்பலி கடிச்ச நேரம், புள்ள.
தக்கை ஒருக்கா தாண்டது.
கதைச்சாப் போயிரும்."

அப்ப ஏழு, ஆறு?

"சின்னவன் கலியாணம் முடிச்சி
பொஞ்சாதிட ஊட்ட போய்ட்டான், ஏறாவூருக்கு.
வாய் இன்னும் அவனையும் சேர்த்துத்தான் எண்ணுது."

பந்தியை நினைக்கக் காது சுட்டது.
ஓசை இல்லாத இடத்தில்
தெரிந்ததை எழுதி வைப்பதற்கு
எனக்கு மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு அவர் கதைக்கவில்லை. நாங்களும்தான்.
எவ்வளவு நேரமென்று தெரியாது,
போன் பைக்குள் இருந்தது.
ஒருதரம் அவர் முகத்தைப் பார்த்தேன்.
அப்போது அவர் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இரவு அந்தப் பந்தியை அழித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன்.
அந்தக் கட்டத்துக்கு மூன்று சொல்தான் தெரியும்:
பேச்சு, இரைச்சல், வெறுமை.
"தக்கை" என்று எழுதினேன்.
கட்டம் சிவந்தது.
சிவப்போடேயே சேமித்தேன்.
மறுகா பார்ப்பம்.