பார்த்தாச்சு

மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டினால்
மலை வண்டிக்கு இரண்டே தெய்வம்.
ஒன்று சொரிமுத்தையன்,
இன்னொன்று பிரேக்.
முதலாமவரை நான் குறை சொன்னதில்லை.

எங்கள் டெப்போவில் ஒரு நோட்டு உண்டு.
இடது பக்கம் டிரைவர் கோளாறு எழுதணும்,
வலது பக்கம் ஒர்க்‌ஷாப் பதில்.
போன ஐப்பசியில் ஐகோர்ட்டுராசா எழுதினான்:
‘பின் பிரேக் பிடிக்க யோசிக்குது.’
எதிரே, ‘பார்த்தாச்சு.’
கீழே ஒரு கோழிக் கிறுக்கல்.
மறுநாள் பதினோராவது வளைவில்
மலைச்சரிவில் சாய்த்து வண்டியை நிறுத்தினான்.
முப்பத்தாறு பேர், ஒரு கைக்குழந்தை.
யாருக்கும் உயிர் போகவில்லை.
அவனுக்கு வேலை போயிற்று.
அறிக்கையில், ‘ஓட்டுநரின் கவனக்குறைவு.’

அதற்குப் பிறகு இடது பக்கம் யாரும் எழுதவில்லை.
எழுதாத கோளாறுக்கும் வலது பக்கத்தில்
பார்த்தாச்சு, பார்த்தாச்சு என்று
எறும்பு வரிசை.
கேன்டீனில் காக்கிக்கு ஒரு பெஞ்சு, நீலத்துக்கு ஒரு பெஞ்சு.
சாம்பார் வாளி மட்டும் ஒன்று.

தை பிறந்து புது ஃபோர்மேன் வந்தார்.
வள்ளியூர்க்காரர், மந்திரமூர்த்தி.
மீட்டிங் போடுவார்,
நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார்,
டீயும் முறுக்கும் வரும் என்று காத்திருந்தோம்.
ஒன்றும் வரவில்லை.
காலை நாலு ஐம்பது வண்டியில்
எனக்குப் பின்சீட்டில்
மடியில் பாலிதீன் பையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.
‘எங்க சார்?’
‘ராத்திரி நான் மாட்டின லைனிங் வே.
எறங்கும்போது எப்படி இருக்குன்னு பாக்கணும்.’

நான் நம்பவில்லை.
டீசல் கணக்குக்கு வந்த ஒற்றன் என்று
கண்டக்டர் சம்சுதீனிடம் கண்ணைக் காட்டினேன்.
நாலாவது வளைவில் அவர் வாந்தி எடுத்தார்.
ஏழாவதிலும்.
மறுநாள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஏறினார்,
அப்போதும் எடுத்தார்.
மலை ஒத்துக்கொள்ளாத உடம்பு.
பதினெட்டு நாள்.
எண்ணிக்கொண்டே வந்தேன்,
முதலில் நக்கலுக்கு,
பிறகு எதற்கென்று தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் வண்டி நகரவில்லை.
நோட்டில், டிரைவர் எழுத வேண்டிய இடத்தில்
அவர் கையெழுத்து:
‘பின் இடது சக்கரம். நான் மாட்டியது.
நேற்று இறக்கத்தில் ஒரு பக்கமாக இழுத்தது.
தவறு என்னுடையது. வண்டி போகக் கூடாது.’
பெயர் முழுசாக. தேதி. நேரம்.
இழுத்தது எனக்கும் தெரியும்.
ஸ்டீயரிங் என் கையில்தானே இருந்தது.

மாஞ்சோலைக்கு அன்று முதல் டிரிப் இல்லை.
ஊத்துக்குப் போகிற டீச்சர்
பஸ் ஸ்டாண்டில் நின்று எங்கள் பரம்பரையையே திட்டினார்.
மேனேஜர் மெமோ கொடுத்தார்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
மந்திரமூர்த்தி வண்டிக்கு அடியில் படுத்தார்.
வெளியே தெரிந்தது இரண்டு கால்.
கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நாலு கால்.
யாருடையது என்று நான் குனியவில்லை.

அன்று ராத்திரி நானும் எழுதினேன்:
‘கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயுது.
காரணம் என் இடது கால்.
வளைவுல மிதிச்சது மிதிச்சபடி ஓட்டுதேன்.’
எழுதிவிட்டு, கிழித்துப் போடலாமா என்று
லைட்டை அணைக்காமல் நின்றேன்.
விடிந்தால் வலது பக்கத்தில் பதில்:
‘பிளேட் மாத்தியாச்சு.
காலை நீங்கதான் மாத்தணும் அண்ணாச்சி.’

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
பெஞ்சு இன்னும் இரண்டுதான்.
ஐகோர்ட்டுராசா கல்லிடைக்குறிச்சியில்
யாருக்கோ லோடு ஆட்டோ ஓட்டுகிறான்,
என்னைப் பார்த்தால் ஹாரன் மட்டும் அடிப்பான்.

பங்குனியில் ஒரு நாள் பழைய பக்கம் புரட்டினேன்.
ஐப்பசி. அவன் எழுதிய வரி.
எதிரே, ‘பார்த்தாச்சு.’
கோழிக் கிறுக்கலுக்குக் கீழே புது மையில்
‘பார்க்கவில்லை.
பால்துரை, ஃபிட்டர்.’

நோட்டை மூடினேன். மறுபடி திறந்தேன்.
அப்பால் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்த பால்துரை
நிமிரவில்லை.
நானும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை அந்த நோட்டோடு
வண்ணார்பேட்டைத் தலைமை ஆபீசுக்கு
ரெண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.
தட்டையான ரோடு, ஒரு வளைவு கிடையாது.
ஆனாலும்
பால்துரையின் கையில்
எலுமிச்சம்பழம்.