மறுகாது

முதல் விளையாட்டில் வாவி ஒரு நீல நாடா.
ஒரே அலையை நாற்பது தடவை ஒட்டினேன்.
எழுவான்கரை வலப்பக்கம், படுவான்கரை இடப்பக்கம்,
நடுவில் பாதை:
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மாடு,
கூடையோடு ஒரு மனுசி.
எல்லாரும் பக்கவாட்டில்.
நிழலென்று காலடியில் ஒரு கறுப்பு முட்டை.
மனுசிக்கு ஒரு காது வரைந்தேன், ஒரு தோடு.
அவ்வளவு போதும் அந்த உலகத்துக்கு.

திரும்பி வரும்போது படத்தைப் புரட்டிவிடுவேன்.
காசு வாங்குகிறவரின் கடிகாரம்
இடக்கையிலிருந்து வலக்கைக்குத் தாவும்.
இருநூறு பேர் விளையாடினார்கள்.
ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது முப்பரிமாணம்.
களுவாஞ்சிகுடியில், போன் திருத்தும் கடைக்கு மேல்,
காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் நுஸ்கி
என் மாட்டைப் பார்த்துக் கேட்கிறான்:
"இதுக்குப் பின்பக்கம் எங்க?"
கடிகாரம் இனி ஒரு கையில்தான் இருக்கவேண்டும்.
எந்தக் கை என்று முடிவெடுக்க ஒரு பின்னேரம் போனது.
சூரியனை ஓரிடத்தில் கட்டினோம்;
அதற்குப் பிறகு நிழல்களை நான் தீற்றவில்லை,
தாங்களே விழுந்தன.

நுஸ்கியும் விழுந்தான்.
சோதித்துப் பார்க்கப் பாதையிலிருந்து குதித்தவன்
வாவியைத் துளைத்துக்கொண்டு
விழுந்தான், விழுந்தான், இன்னும் விழுந்துகொண்டிருந்தான்.
தரை வைக்க மறந்திருந்தோம்.
கீழேயிருந்து பார்த்தால் தண்ணீரே இல்லை;
மேற்பக்கம் மட்டும் உள்ள தாள் அது.
மனுசியின் முகம் உள்ளே வெறும் கோது.
வெள்ளைக் கண்முழி இரண்டும் பல்வரிசையும்
அந்தரத்தில், படுவான்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

சிரித்து முடித்துக் கேட்டான்:
"எவ்வளவு ஆழம் போடட்டும்?"
மண்டூருக்கு எத்தனை தரம் போயிருப்பேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கரையும் அந்தக் கரையும்.

சனிக்கிழமை குருமண்வெளியில் பாதையேறி
நைலோன் கயிற்றில் அரைச் செங்கல் கட்டி இறக்கினோம்.
காசு வாங்குகிறவர், கடிகாரமே கட்டாத மனிதர்,
"என்ன புள்ள, மீனா?" என்றார்.
"தரை," என்றான் நுஸ்கி.
கயிறு தளர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன், அதே மனுசி, அதே கூடை.
நான் வரைந்த காது என் பக்கம்.
மாட்டைச் சுற்றி, சைக்கிள்களுக்கு இடையால் நுழைந்து
மறுபக்கம் போனேன்.
மறுகாதில் தோடில்லை.
ஒரு வேப்பங்குச்சி.

அதையும் செய்தேன், பதினாறு முக்கோணங்களில்.
கமராவை யாரும் அவ்வளவு கிட்டக்
கொண்டுபோகப் போவதில்லை.